“புள்ள எங்க பொறந்துச்சு?”: பழங்குடிக் குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க முழுமையான வழிகாட்டி

செய்யூர் பக்கம் ஏரிக்கரையை ஒட்டி ஒரு சின்ன இருளர் குடியிருப்பு. அங்கே நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை என்றார்கள். நானும் உடனே ஒரு மனு எழுதி அந்த ஊர் வி.ஏ.ஓ.விடம் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று வாரம் அலைந்த பிறகுதான் தெரிந்தது, குழந்தை அந்த ஊரில் பிறக்கவே இல்லை. திருவள்ளூர் பக்கம் ஒரு செங்கல் சூளையில் பெற்றோர் கல்லறுத்துக்கொண்டிருந்தபோது பிறந்திருக்கிறது. “ஏன்க்கா இத மொதல்லயே சொல்லல?” என்றேன். “நீ கேக்கவே இல்லியே தம்பி” என்றார் அந்தத் தாய்.

அன்றிலிருந்து எந்தக் குடியிருப்புக்குப் போனாலும் பேனாவைத் திறப்பதற்கு முன் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறேன். உதவி செய்ய நினைக்கும் ஆசிரியர்கள், செவிலியர்கள், அங்கன்வாடி அக்காக்கள், கல்லூரித் தம்பி தங்கைகள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது தமிழ்நாட்டு நடைமுறை, அதிலும் இருளர் குடியிருப்புகள். ஆனால் 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்பு பதிவுச் சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான். நீலகிரி, சத்தியமங்கலம், ஜவ்வாது மலை, கல்வராயன் மலை என்று எங்கே வேலை செய்பவருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

இப்போது ஏன் அவசரம்

முன்பெல்லாம் சான்றிதழ் இல்லாமலே காலம் ஓடியது. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொள்வார். வாழ்நாள் முழுக்க அதுவே பிறந்தநாள். 2023இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், திருமணப் பதிவு, அரசு வேலை, ஆதார் ஆகியவற்றுக்குப் பிறந்த தேதியையும் இடத்தையும் காட்டப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம் என்றாகிவிட்டது. அதற்கு முன் பிறந்தவர்களுக்குப் பழைய ஆவணங்கள் செல்லும். ஆனால் கைக்குழந்தைகளோடு இருக்கும் குடும்பங்களுக்கு இனி வேறு வழியில்லை.

ஒன்றை மட்டும் குடும்பத்தாரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள குழந்தையை வயதுச் சான்று இல்லை என்ற காரணத்துக்காகப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். காகிதம் வரட்டும் என்று பிள்ளையை வீட்டில் உட்கார வைக்க வேண்டாம்.

முதல் அரைமணி நேரம்

திண்ணையோ வேப்பமர நிழலோ, உட்கார்ந்து பேசுங்கள். மூன்று விஷயம் வேண்டும்: எங்கே பிறந்தது, எப்போது பிறந்தது, யார் பிரசவம் பார்த்தார்கள்.

பிறப்பைப் பதிய வேண்டியது பிறந்த இடத்தில். குடியிருக்கும் ஊர், ரேஷன் கார்டு உள்ள ஊர், தாய்வீடு எதுவும் கணக்கில்லை. இருளர் குடும்பங்களுக்கு இதுதான் பெரிய சிக்கல். தை மாதம் முன்பணம் வாங்கிச் சூளைக்குப் போனால் மழைக்கு முன்தான் திரும்புவார்கள். சவுக்கு வெட்ட, கரும்பு வெட்ட, மரம் வெட்டிக் கரி மூட்டம் போட என்று மாவட்டம் தாண்டி, சில சமயம் ஆந்திரா, கர்நாடகா வரைக்கும் போவார்கள். பிரசவம் அங்கே நடந்திருக்கும். அப்படியானால் பதிவும் அங்கேதான். 108 வண்டியில் போகும்போது வழியில் பிறந்திருந்தால், வண்டி முதலில் நின்ற இடத்தில் பதிவாக வேண்டும். தேயிலை, காப்பித் தோட்டத்தில் பிறந்த குழந்தை என்றால் தகவல் கொடுக்க வேண்டிய கடமை தோட்ட நிர்வாகத்துடையது. சட்டத்தின் 9ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. வால்பாறை, கூடலூர் பக்கம் வேலை செய்பவர்கள் இந்தப் பிரிவை மனுவில் எண்ணோடு குறிப்பிடுங்கள்.

அடுத்தது ‘எப்போது’. இங்கேதான் பொறுமை வேண்டும். தேதி கேட்டால் பெரும்பாலும் பதில் வராது, நிகழ்ச்சியைக் கேட்டால் வரும். மாசி மகத்துக்கு இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள், அங்கேயே கல்யாணமும் நடக்கும். “அந்த வருஷம் மகாபலிபுரம் போனப்ப புள்ள வயித்துல இருந்துச்சா, கையில இருந்துச்சா?” என்று கேளுங்கள். புயல்களும் உதவும். மிக்ஜாம் வந்தது 2023 டிசம்பர் தொடக்கம். ஃபெஞ்சல் கரையைக் கடந்தது 2024 நவம்பர் 30 இரவு, மரக்காணம், திண்டிவனம் பக்கமெல்லாம் வெள்ளக்காடு. “ஃபெஞ்சல்ல பள்ளிக்கூடத்துல தங்க வெச்சாங்களே, அப்ப புள்ள தவழ்ந்துச்சு” என்று ஒரு பாட்டி சொன்னால் மாதக்கணக்கு பிடிபட்டுவிடும்.

அந்தக் கணக்கு நமக்கு ஏட்டில் எங்கே தேடுவது என்று காட்டத்தான். அதை வைத்து ஒரு தேதியை நாமே இட்டுக்கட்டக் கூடாது. தேதிக்கு ஆதாரம் தாய் சேய் நல அட்டை, அதாவது ஊசி அட்டை. பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, ஹெபடைடிஸ் பி ஊசி ஆகியவற்றின் தேதி அதில் இருக்கும். அட்டை தொலைந்திருந்தாலும் துணை சுகாதார நிலையத்துப் பதிவேட்டில் நர்சம்மா எழுதி வைத்திருப்பார். ஆறாவது வாரத்து ஊசி எப்போது போட்டார்கள் என்று தெரிந்தாலே பின்னோக்கி எண்ணிப் பார்க்கலாம். அங்கன்வாடிப் பதிவேட்டையும் பாருங்கள்.

ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. மருத்துவமனைப் பிரசவத்தைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டியவர் மருத்துவமனைப் பொறுப்பாளர். குடும்பம் விண்ணப்பிக்க வேண்டியதே இல்லை. ஆக, “சர்டிபிகேட் இல்ல” என்று சொல்லும் பல வீட்டுப் பிள்ளைகளின் பிறப்பு ஏட்டில் ஏறித்தான் இருக்கிறது. வாங்க யாரும் போகவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ் ஆகி, கூலி போகிறதே என்று சூளைக்கே திரும்பிவிட்ட குடும்பத்துக்கு, இன்னொரு முறை பஸ் ஏறி வந்து ஒரு காகிதம் வாங்க எங்கே நேரம்?

எனவே முதலில் டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடுங்கள். தாயின் பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை தெரிந்தால் அரசின் பிறப்பு இறப்பு பதிவு இணையதளத்தில் தேடலாம். கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். தாயின் பெயர் ‘ராணி’ என்று தேடுகிறீர்கள், ஏட்டில் ‘ராணியம்மாள்’ என்று இருக்கலாம், தகப்பன் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கலாம். நேரில் போய்ப் பதிவேட்டைத் தேதி வாரியாகப் பார்க்கச் சொல்லுங்கள். பதிவாளர் யார் என்றால், கிராமத்தில் வி.ஏ.ஓ., ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்திருந்தால் அங்கேயே உள்ள சுகாதார ஆய்வாளர், நகராட்சி எல்லை என்றால் நகராட்சியின் சுகாதாரப் பிரிவு.

நாள் கணக்கு

பதிவாகவே இல்லை என்று உறுதியானால், பிறந்து எத்தனை நாள் ஆகிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

21 நாளுக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வீட்டுப் பிரசவத்தில் குடும்பத் தலைவர், அவர் இல்லையென்றால் நெருங்கிய உறவினர் தகவல் கொடுக்கலாம். படிவம் 1ஐ நிரப்பி, பிரசவம் பார்த்தவரையும் முடிந்தால் கூடவே அழைத்துப் போங்கள். அந்தப் படிவத்தில் சாதிக்கு இடமே கிடையாது. ஓர் அலுவலகத்தில் என்னிடம் “மொதல்ல எஸ்.டி. சர்டிபிகேட் கொண்டாங்க” என்றார்கள். பழங்குடிச் சான்று வாங்க வருடக்கணக்கில் அலைகிற மக்களிடம் அதைக் கேட்டால், வாசலிலேயே திருப்பி அனுப்புவதும் அதுவும் ஒன்றுதான். பிறப்புப் பதிவுக்குச் சாதிச் சான்று தேவையில்லை.

21 நாளைத் தாண்டி 30 நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணம் மட்டும். 30 நாளிலிருந்து ஓராண்டுக்குள் என்றால் கட்டணத்தோடு மேலதிகாரியின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். இந்தக் கட்டத்தில் முன்பு நோட்டரி முன் பிரமாண வாக்குமூலம் கேட்டார்கள். 2023 திருத்தம் அதை எடுத்துவிட்டு, சுய சான்றொப்பமிட்ட ஆவணம் போதும் என்கிறது. பழக்கதோஷத்தில் இன்னும் நோட்டரி கேட்கும் இடங்கள் உண்டு. வாதாடி ஒரு நாள் கூலியை இழப்பதா, நோட்டரிக்குக் காசு கொடுப்பதா என்பதைக் குடும்பம் முடிவு செய்யட்டும். நான் பெரும்பாலும் சட்டத் திருத்தத்தின் பிரதியை மேசையில் வைத்துவிட்டு அமைதியாக நிற்பேன். பாதி நேரம் வேலை செய்கிறது.

எந்தக் கட்டணம் கட்டினாலும் ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாத பணத்துக்குப் பெயர் வேறு.

ஓராண்டைத் தாண்டிவிட்டால்

நம்மிடம் வரும் குழந்தைகளில் நிறையப் பேர் இந்த வகைதான். முன்பு இதற்கு நீதித்துறை நடுவரின் உத்தரவு வேண்டும் என்று சட்டம் சொன்னது. இப்போது மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர், அல்லது ஆட்சியர் அதிகாரம் கொடுத்த நிர்வாகத் துறை நடுவர் உத்தரவிடலாம். தமிழ்நாட்டில் நடைமுறையில் ஆர்.டி.ஓ., அதாவது கோட்டாட்சியர் அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆர்.டி.ஓ.? குழந்தை பிறந்த இடம் யாருடைய எல்லைக்குள் வருகிறதோ அவர்.

முதலில் பிறந்த இடத்துப் பதிவாளரிடம் ‘பதிவு இல்லை’ என்ற சான்று வாங்க வேண்டும். படிவம் 10. அலுவலக மொழியில் ‘நான்-அவைலபிலிட்டி’. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை தேடினார்கள் என்பது அதில் இருக்கும். உங்கள் குழந்தையின் பிறந்த ஆண்டு அதற்குள் அடங்குகிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள். ஆண்டு விட்டுப்போய் ஒருமுறை திரும்பவும் திருவள்ளூர் போனேன்.

அடுத்து மனு. கூடவே பதிவு இல்லை என்ற சான்று, ஊசி அட்டை அல்லது நர்சம்மாவின் பதிவேட்டு நகல், அங்கன்வாடியில் சேர்ந்த விவரம், பெற்றோரின் ஆதார், குடும்ப அட்டை. பிரசவம் பார்த்த மருத்துவச்சியோ பக்கத்து வீட்டாரோ எழுதிக் கொடுத்தால் நல்லது. பிள்ளை சூளையில் பிறந்திருந்தால் முதலாளி பெரும்பாலும் எழுதித் தரமாட்டார். தன்னிடம் எத்தனை குடும்பம் வேலை செய்தது என்று தன் கையால் எழுதிக்கொடுக்க அவருக்கு விருப்பமிருக்காது. அவரை நம்பிக் காத்திருக்காதீர்கள். சூளைகளுக்கு ஊசி போட வந்த நர்சம்மாவின் பதிவேடு அவருடைய கடிதத்தைவிட வலுவானது. முதலாளி அந்தக் குடும்பத்தைக் கொத்தடிமையாக வைத்திருந்தார் என்று தெரிந்தால் அது வேறு வழக்கு. அதையும் அதே கோட்டாட்சியரிடம்தான் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

மனு கொடுத்தால் தாசில்தார், ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), வி.ஏ.ஓ. என்று கீழே இறங்கி விசாரணைக்குப் போகும். பாதிக் கோப்பு தூங்குவது இங்கேதான். விசாரணைக்கு வரும் நாளில் குடும்பம் ஊரில் இல்லையென்றால் ‘மனுதாரர் இல்லை’ என்று ஒரு வரி எழுதிக் கோப்பைத் திருப்பிவிடுவார்கள். அதனால் அறுவடை, சூளைப் பருவம் பார்த்து மனு கொடுங்கள். ஆடி, ஆவணியில் கொடுத்தால் ஆட்கள் ஊரில் இருப்பார்கள். குடும்பத்தில் யாருடைய செல்போன் எண் உயிரோடு இருக்கிறது என்று சோதித்த பிறகே மனுவில் எழுதுங்கள்.

உத்தரவு வந்தவுடன் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். உத்தரவு சான்றிதழ் ஆகாது. அதை எடுத்துக்கொண்டு பதிவாளரிடம் போய், கட்டணம் கட்டி, ஏட்டில் பதிந்த பிறகுதான் சான்றிதழ். உத்தரவை மட்டும் பத்திரமாக ஃபிரேம் போட்டு மாட்டியிருந்த ஒரு வீட்டையும் பார்த்திருக்கிறேன்.

ஆர்.சி.எச். எண்

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளை பிக்மி என்ற கணினித் தளத்தில் பதிந்து ஆர்.சி.எச். எண் என்ற 12 இலக்க எண் ஒன்று கொடுக்கிறார்கள். பிறப்பைப் பதியும்போது அந்த எண்ணைக் கேட்பார்கள். வேலைக்காக இடம் மாறிக்கொண்டே இருந்த தாய்க்கு அது இருக்காது. அப்போது கிராம சுகாதாரச் செவிலியரைப் பார்த்து எண்ணுக்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அவர்களோடு பகை வேண்டாம், நம் வேலையில் பாதியைச் செய்து தருபவர்கள் அவர்கள்தான். அப்படியும் “நம்பர் இல்லாம பதிய முடியாது” என்று பதிவாளர் சொன்னால், 1969 சட்டத்தில் அப்படி எந்த நிபந்தனையும் இல்லை என்பதை மனுவில் எழுதிக் கொடுங்கள். மாறாக 7ஆம் பிரிவு, தன் எல்லைக்குள் நடக்கும் ஒவ்வொரு பிறப்பையும் தானே முயன்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று பதிவாளரையே பொறுப்பாக்குகிறது. கட்டணமோ கைம்மாறோ இல்லாமல் பதிய வேண்டும் என்பதும் அதே பிரிவுதான் (தாமதக் கட்டணம் தனி).

பெயர்

பெயர் வைக்காமலே பிறப்பைப் பதியலாம். பிறப்பைப் பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரை இலவசமாகச் சேர்க்கலாம், பிறகு 15 ஆண்டுவரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். அவசரத்தில் மருத்துவமனையில் யாரோ சொன்ன பெயரை எழுதிவிட்டுப் பிறகு மாற்ற அலைவதைவிட இது மேல்.

பெயர் எழுதப் போகும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் அம்மாவின் பெயரை ஆதாரில் உள்ளபடி, அப்பாவின் பெயரை ஆதாரில் உள்ளபடி, குழந்தையின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதிக் குடும்பத்துக்குப் படித்துக் காட்டுங்கள். வீட்டில் ‘குட்டியம்மா’ என்று கூப்பிடுவார்கள், அங்கன்வாடியில் ‘கன்னியம்மா’, அப்பா சொல்வது ‘கனிமொழி’. எது என்று அவர்கள் முடிவு செய்யட்டும். அந்தத் தாளை அப்படியே பதிவாளர் மேசையில் வையுங்கள். பிற்பாடு பழங்குடிச் சான்றுக்குப் போகும்போது தகப்பன் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் “இவர்தான் அவரா?” என்று தொடங்கிவிடும். தவறாக ஏறிவிட்டால் 15ஆம் பிரிவின்படி திருத்தலாம். பழைய பதிவை அடிக்கமாட்டார்கள், ஓரத்தில் திருத்தம் எழுதித் தேதியோடு கையெழுத்திடுவார்கள்.

தாய்க்குப் பதினெட்டு ஆகாதபோது

யாரும் பேச விரும்பாத காரணம் இது. சில குடும்பங்கள் சான்றிதழ் பக்கமே வராததற்குக் காரணம் போலீஸ் பயம். தாயின் வயதோ, கல்யாணம் ஆனதா இல்லையா என்பதோ குழந்தையின் பிறப்பைப் பதிய மறுப்பதற்குக் காரணம் ஆகாது. தனித்த தாயோ திருமணமாகாத தாயோ தகப்பன் பெயர் சொல்லாமலே சான்றிதழ் பெறலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதே சமயம், தாய் சிறுமி என்றால் போக்சோ சட்டப்படி மருத்துவமனை காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்காதீர்கள். தாயின் வயதைக் கூட்டிச் சொல்ல ஒருபோதும் துணை போகாதீர்கள். அந்தப் பொய் குழந்தையின் ஆவணத்தில் காலத்துக்கும் நிற்கும். அலுவலகத்துக்குப் போகும் முன் சட்ட உதவி வழக்கறிஞரிடம் பேசுங்கள். பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, அழைக்க வேண்டிய எண் 15100. குழந்தை தொடர்பான உதவிக்கு 1098.

மறுத்தால், இழுத்தடித்தால்

வாய்மொழி மறுப்புக்கு மதிப்பில்லை. “எழுதிக் கொடுங்க சார்” என்று கேளுங்கள். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். 2023 திருத்தத்தில் சேர்ந்த 25அ பிரிவின்படி, பதிவாளரின் முடிவை எதிர்த்து 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். 90 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். அதற்கு முன் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் ஒரு மனு போடுங்கள். ஒரே குடியிருப்பில் ஐந்தாறு பிள்ளைகள் இருந்தால் சேர்த்துப் பட்டியலாகக் கொடுத்து, முகாம் நடத்தச் சொல்லிக் கேளுங்கள். தோடர், கோத்தர், குறும்பர், காட்டுநாயக்கர், பணியர், இருளர் ஆகிய ஆறு சமூகங்களும் தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் பட்டியலில் இருக்கின்றன. 2023 நவம்பரில் தொடங்கிய பிரதமரின் ஜன்மன் திட்டம் இவர்களுக்கானது. ஆவணங்களுக்காகக் குடியிருப்புக்கே முகாம் வருவது அதில் உண்டு.

எங்கே போனாலும் தாயையோ தகப்பனையோ கூட அழைத்துப் போங்கள். பைக்கை எடுத்துக்கொண்டு நாமே போய் வாங்கி வருவது சுலபம்தான். ஆனால் அடுத்த பிள்ளைக்கும் அவர்கள் நமக்காகக் காத்திருப்பார்கள். எந்த மேசை, எந்த ஜன்னல், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை ஒருமுறை கூட நின்று பார்த்த தாய் மறுமுறை தானே போவார். அன்றைய கூலி போகும் என்பதால் பஸ் செலவும் சாப்பாடும் நம் கணக்கில் இருக்கட்டும்.

கைக்கு வந்த பிறகு

கூரை ஒழுகும் வீடுகள். சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு நகல் எடுத்து, ஒன்றை அங்கன்வாடியில் கொடுத்துவிடுங்கள். டிஜிலாக்கரில் ஏற்ற முடிந்தால் ஏற்றுங்கள். ஐந்து வயதுக்குள் என்றால் அதே வாரத்தில் குழந்தைக்கான ஆதாருக்கும் போய்விடலாம், கைரேகை எடுக்கமாட்டார்கள்.

முதலில் சொன்ன அந்தக் குழந்தைக்குத் திருவள்ளூருக்கும் செய்யூருக்கும் ஏழு முறை பஸ் ஏறிய பிறகு சான்றிதழ் வந்தது. போன மாசி மகத்துக்கு முன் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அந்த அக்கா தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். மூடியின் உள்பக்கம் பச்சைப் பெயிண்டில் பதிவு எண்ணும் தேதியும் எழுதியிருந்தது. கீழே இன்னொரு வரிக்கு இடம் விட்டிருந்தார். மடியில் இருந்த இரண்டாவதற்கு அன்றைக்குப் பதினெட்டு நாள்.